குளிர்ப் பிரதேசங்களில் பழைய டிராக்டர்: எஞ்சின் சூடேற்றியைத் தேர்ந்தெடுக்கும் முறை

காஷ்மீரப் பள்ளத்தாக்கில் டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி நாற்பது நாட்கள் நீடிக்கும் கடுங்குளிர்ப் பருவத்திற்குச் 'சில்லை கலான்' என்று பெயர். அதனைத் தொடர்ந்து இருபது நாட்கள் 'சில்லை குர்த்' என்னும் சிறு குளிரும், பத்து நாட்கள் 'சில்லை பச்சா' என்னும் குழந்தைக் குளிரும் வரும். இந்த எழுபது நாட்களிலும், முற்றத்தில் நிற்கும் டிராக்டர் காலையில் இயங்குமா என்பது அதன் உரிமையாளருக்குத் தினந்தோறும் எழும் கவலையாகும். விறகும் தீவனமும் கொண்டுவருதல், வழியில் குவிந்த பனியை ஒதுக்குதல், சந்தைக்குச் சுமை இழுத்தல் ஆகிய வேலைகள் பல கிராமங்களில் அந்த ஓர் இயந்திரத்தை நம்பியே இருக்கின்றன. லடாக்கிலும், இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்–ஸ்பித்தி மாவட்டத்திலும் குளிர் இதனினும் கடுமையானது. அங்கே வசந்தம் பிறந்து உழவு தொடங்கிய பின்னரும் அதிகாலை வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குவதுண்டு.

இப்பகுதிகளில் உழைக்கும் டிராக்டர்களில் கணிசமானவை பழையவை. செக்கோஸ்லோவாகியாவின் ஸெட்டார் தொழில்நுட்ப உதவியுடன் 1971-இல் பிஞ்சோரில் டிராக்டர் உற்பத்தியைத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூடிவிட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. எனினும் அதன் வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1959-இல் பரீதாபாத்தில் உற்பத்தி தொடங்கிய ஐஷர் டிராக்டர்களும், சென்னையில் 1960-இல் நிறுவப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் மாஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களும் அவ்வாறே. இத்தகைய வண்டிகளுக்கு எஞ்சின் சூடேற்றி ஒன்றை வாங்கிப் பொருத்தலாமா, எதனை வாங்குவது என்ற கேள்விகள் வட்டார ஊழியர்களிடம் எழுப்பப்படுகின்றன.

சூடேற்றி என்பது எல்லா நோய்க்கும் ஒரே மருந்தன்று. ஒவ்வொரு வகைச் சூடேற்றியும் எஞ்சினின் ஒரு பகுதியை மட்டுமே முக்கியமாகச் சூடாக்குகிறது. ஆகையால் எந்தப் பகுதி குளிரால் தடைப்படுகிறது என்பதை முதலிலும், அந்த எஞ்சினின் அமைப்பு எதற்கு இடந்தருகிறது என்பதை இரண்டாவதாகவும், கைவசமுள்ள மின்சாரம் எவ்வளவு என்பதை மூன்றாவதாகவும் ஆராய வேண்டும். இந்த வரிசையை மாற்றி, கடையில் கிடைத்ததை வாங்கிப் பொருத்துபவர் பணத்தை இழப்பதோடு சில சமயம் எஞ்சினையும் இழக்க நேரிடும். கீழே தரப்பட்டுள்ள வெப்பநிலைகள் யாவும் சென்டிகிரேடு அளவைச் சேர்ந்தவை.

குளிர் எஞ்சினைத் தடுக்கும் விதம்

டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று பிஸ்டனால் மிக இறுக்கமாக அழுத்தப்படும்போது சூடேறுகிறது. அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. டீசல் தானே தீப்பற்றச் சுமார் 210 டிகிரி வேண்டும். தடையின்றி உடனே பற்றுவதற்கு இதைவிடக் கணிசமான அளவு கூடுதல் வெப்பம் தேவை.

காற்றைப் பதினாறில் ஒரு பங்காக அழுத்தும் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பம் சற்றும் வெளியேறாது என்று வைத்துக் கணக்கிட்டால், 30 டிகிரியில் உள்ளே சென்ற காற்று சுமார் 645 டிகிரிக்கு உயரும். பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியில் உள்ளே சென்ற காற்றோ சுமார் 495 டிகிரிக்கு மட்டுமே உயரும். தொடக்கத்தில் இருந்த 50 டிகிரி வேறுபாடு முடிவில் 150 டிகிரியாகப் பெருகிவிட்டது. நடைமுறையில் குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர் வெப்பத்தை உறிஞ்சுகிறது. தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் வழியே காற்றும் கசிகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழலச் சுழல இந்த இரண்டு இழப்புகளும் அதிகரிக்கின்றன. எனவே உண்மையான வெப்பநிலை மேற்கூறிய கணக்கைவிட மிகக் குறைந்து, தீப்பற்றும் எல்லையை நெருங்கிவிடுகிறது. புதிய எஞ்சின் இயங்கிவிடும் அதே காலையில் பழைய எஞ்சின் மறுப்பதற்குக் காரணம் இதுவே. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், அங்கே சிலிண்டருக்குள் வரும் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு.

இரண்டாவது தடை மசகெண்ணெய். குளிரில் அது கெட்டிப்பட்டு, தாங்கிகளையும் பிஸ்டன்களையும் பிடித்துக்கொள்கிறது. டிராக்டரில் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. எஞ்சினுக்குப் பின்னாலுள்ள கியர்ப்பெட்டியிலும் ஹைட்ராலிக் பகுதியிலும் நிறைந்திருக்கும் பெருமளவு எண்ணெயும் கெட்டிப்பட்டிருக்கும். கிளச்சை மிதிக்காமல் ஸ்டார்ட்டரை இயக்கினால், பல வண்டிகளில் அது அந்த எண்ணெயையும் சேர்த்துக் கலக்க வேண்டியதாகிறது. எஞ்சின் சூடேற்றி எதுவும் கியர்ப்பெட்டியைச் சூடாக்காது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது தடை பாட்டரி. ஈய–அமிலப் பாட்டரி வெப்பமான நாளில் தரும் திறனில், 0 டிகிரியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையும், பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியில் பாதிக்கும் குறைவாகவுமே தரும். எஞ்சின் அதிக வலிமையைக் கேட்கும் வேளையில் பாட்டரி குறைந்த வலிமையைத் தருகிறது. மேலும், முழுமையாகச் சார்ஜ் ஏறிய பாட்டரியின் அமிலக் கரைசல் பூஜ்யத்துக்குக் கீழ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் தீர்ந்த பாட்டரியோ பூஜ்யத்துக்குக் கீழ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து, அதன் பெட்டி வெடித்துவிடக்கூடும்.

நான்காவது தடை டீசல் எண்ணெய். அதில் கரைந்துள்ள மெழுகு குளிரில் படிகமாகப் பிரிந்து வடிகட்டியை அடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி சாதாரண டீசலின் பாய்வு நிலை குளிர்காலத்தில் 3 டிகிரிக்கும், கோடையில் 15 டிகிரிக்கும் மேற்படலாகாது. கோடையில் வாங்கித் தொட்டியில் மிச்சமிருந்த டீசல் குளிர்காலத்தில் தொல்லை தருவது இதனால்தான். லடாக் போன்ற இடங்களுக்கென்று பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரி வரை பாயும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகம் செய்தது. வடிகட்டியில் மெழுகு அடைத்திருக்கும்போது எஞ்சினை எவ்வளவு சூடாக்கினாலும் பயன் இல்லை.

முதலில் செய்யவேண்டிய ஆய்வு

மேற்கூறிய நான்கு தடைகளையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. ஸ்டார்ட்டர் மெதுவாக, முனகலுடன் சுழன்றால் பாட்டரியையும் மசகெண்ணெயையும் ஐயுற வேண்டும். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்று, புகைக்குழலிலிருந்து வெண்புகை வந்து, எஞ்சின் மட்டும் பற்றாவிட்டால், டீசல் சிலிண்டரை அடைகிறது. சூடுதான் போதவில்லை என்று பொருள். நன்றாகச் சுழன்றும் புகையே வராவிட்டால் டீசல் வந்து சேரவில்லை. வடிகட்டியையும் குழாய்களையும் பார்க்க வேண்டும். இயங்கத் தொடங்கிச் சில நிமிடங்களில் நின்றுவிடுவதும் பெரும்பாலும் மெழுகு அடைப்பின் அடையாளமே.

இந்த ஆய்வின் விளைவாக, சூடேற்றியே தேவையில்லை என்ற முடிவு பல இடங்களில் கிடைக்கும். பஞ்சாப், ஹரியாணா சமவெளிகளில் ஜனவரி மாதக் காலை வெப்பநிலை சாதாரணமாகப் பூஜ்யத்துக்கு மேலேயே நிற்கிறது. அங்கே நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சின் சூடேற்றியின்றி இயங்க வேண்டும். இயங்காவிட்டால், பலவீனமான பாட்டரி, துருப்பிடித்த இணைப்புகள், தவறான மசகெண்ணெய், தேய்ந்த வளையங்கள், பழுதான இஞ்செக்டர் ஆகியவற்றில் ஒன்று காரணமாயிருக்கும். அக்குறையைச் சூடேற்றியால் மறைப்பது நோயை வளர்ப்பதாகும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழ் 10 டிகிரியையும் தாண்டி இறங்கும் மலைப் பகுதிகளிலேயே சூடேற்றி உண்மையான அவசியமாகிறது.

அங்கும் சூடேற்றி வாங்குமுன் மூன்று சீரமைப்புகள் செய்யப்பெற வேண்டும். முதலாவது, மசகெண்ணெயை மாற்றுதல். 40 என்ற ஒற்றைத் தர எண்ணெய் மலைக் குளிருக்கு ஏற்றதன்று. 20டபிள்யூ தர எண்ணெயின் குளிர்ச்சுழற்சிச் சோதனை பூஜ்யத்துக்குக் கீழ் 15 டிகிரியிலும், 15டபிள்யூ தரத்தின் சோதனை 20 டிகிரியிலும், 5டபிள்யூ தரத்தின் சோதனை 30 டிகிரியிலும் நடத்தப்படுகின்றன. தம் ஊரின் குளிருக்கு ஏற்றதை உற்பத்தியாளரின் கையேட்டுடன் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது, ரேடியேட்டரில் வெறும் நீருக்குப் பதிலாக உறைவுத் தடுப்பி கலந்த நீரை நிரப்புதல். எத்திலீன் கிளைக்காலும் நீரும் சம அளவில் கலந்த கரைசல் பூஜ்யத்துக்குக் கீழ் சுமார் 37 டிகிரி வரை உறையாது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுவதால், வெறும் நீர் நிரம்பிய எஞ்சினின் வார்ப்பிரும்பு ஒரே இரவில் விரிசலுறும்.

மூன்றாவது, தெர்மாஸ்டாட். எஞ்சின் சூடாகும் வரை நீரை ரேடியேட்டருக்குச் செல்ல விடாமல் தடுக்கும் இந்தச் சிறு வால்வை, 'வண்டி சூடாகிறது' என்று சொல்லிச் சமவெளி மெக்கானிக்குகள் கழற்றிவிடும் வழக்கம் உண்டு. அவ்வாறு கழற்றப்பட்ட பழைய டிராக்டர் மலைக்கு வந்தால், சூடேற்றி தரும் வெப்பத்தில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் சென்று வெளிக்காற்றில் வீணாகும். ஆதலால் தெர்மாஸ்டாட்டை மீண்டும் பொருத்திய பின்னரே சூடேற்றியைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

சூடேற்றி வகைகள்

மின்சாரத்தால் எஞ்சினைச் சூடேற்றும் கருவிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பார் அமைத்த சூடேற்றிக்கு 1949-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. சிலிண்டர்த் தலையை இறுக்கும் போல்ட் ஒன்றின் இடத்தில் அது பொருத்தப்பட்டது. டீசல் எஞ்சினில் அந்த போல்ட்டுகள் மிகுந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், பழைய டிராக்டருக்கு அம்முறை ஏற்றதன்று. இன்று கிடைப்பவற்றைப் பின்வருமாறு வகுக்கலாம்.

முதலாவது, பிளாக் சூடேற்றி. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் 'கோர் பிளக்' எனப்படும் கிண்ணம் போன்ற உலோக மூடிகள் உள்ளன. அவற்றில் ஒன்றை நீக்கி, அத்துவாரத்தில் நீருக்குள் அமிழுமாறு மின்கம்பிச் சுருளைச் செருகுவது இதன் முறை. சாதாரணமாக இது 400 முதல் 1,000 வாட் வரை ஆற்றல் கொண்டது. வெப்பம் நேரே சிலிண்டர்களைச் சூழ்ந்த நீருக்குச் செல்வதால் வீணாவது குறைவு. சிலிண்டர்ச் சுவர் சூடாவதால் வெண்புகைக் குறைக்கு இதுவே நேரான பரிகாரம். ஆனால் துவாரத்தின் விட்டம் மில்லிமீட்டர் அளவில் பொருந்த வேண்டும். உட்சுவர் சுருளைத் தொடாத ஆழமும் வேண்டும். பழைய எஞ்சின்களில் துவாரத்துக்கு எதிரே சிலிண்டர்ச் சுவர் மிக அருகிலிருந்தால் வேறு துவாரத்தைப் பார்க்க வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால் இவ்வகையைக் கைவிட வேண்டும்.

இரண்டாவது, கீழ் ஹோஸ் சூடேற்றி. ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயை வெட்டி, இடையே இதனைப் பொருத்துவர். பொருத்துவது எளிது. எனினும் சூடான நீர் தானே மேலெழுந்து எஞ்சினை அடைய வேண்டியிருப்பதால், சூடேற்றி நீருறையைவிடத் தாழ்வாக இருப்பது அவசியம். வெப்பத்தில் ஒரு பகுதி ரேடியேட்டர்ப் பக்கம் செல்வதைத் தவிர்க்க இயலாது. நீர்ப்பம்பும் தெர்மாஸ்டாட்டும் இல்லாத மிகப் பழைய வண்டிகளில் இந்த இழப்பு அதிகம்.

மூன்றாவது, வெளித்தொட்டிச் சூடேற்றி. இது எஞ்சினுக்கு வெளியே நிற்கும் சிறு தொட்டி. பிளாக்கின் அடியிலுள்ள நீர் வடிகுழாயிலிருந்து குளிர்ந்த நீர் இதற்குள் வந்து, சூடாகி, மற்றொரு குழாய் வழியே எஞ்சினின் மேற்பகுதிக்குத் திரும்பும். சூடான நீர் இலேசாகி மேலெழுவதால் பம்ப் இன்றியே இச்சுற்றோட்டம் நடைபெறுகிறது. 750 வாட் முதல் 1,500 வாட்டும் அதற்கு மேலும் ஆற்றலுள்ளவை கிடைக்கின்றன. கோர் பிளக் பொருந்தாத பழைய எஞ்சினுக்கு இது பெரும்பாலும் தகுந்தது. தொட்டியை வடிகுழாயின் மட்டத்துக்குக் கீழே நிறுத்த வேண்டும். மேலே செல்லும் குழாய் எங்கும் தாழாமல் படிப்படியாக உயர வேண்டும். இடையே வளைந்து தாழ்ந்தால் அங்கே காற்று தங்கி, ஓட்டம் நின்று, தொட்டி மட்டும் கொதிக்கும்.

நான்காவது, எண்ணெய்ச் சூடேற்றி. எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் வெளிப்புறத்தில் காந்தத்தால் ஒட்டுபவையும், ரப்பர் போன்ற தகடாகப் பசையால் ஒட்டப்படுபவையும் உண்டு. 200, 300 வாட் ஆற்றல் கொண்டவை இவற்றில் அதிகம் காணப்படுபவை. எண்ணெய் இளகுவதால் ஸ்டார்ட்டரின் பளு குறைகிறது. எஞ்சின் இயங்கியவுடன் தாங்கிகளுக்கு எண்ணெய் விரைவில் சென்று சேர்கிறது. காந்தம் அலுமினியத் தொட்டியில் ஒட்டாது. பல டிராக்டர்களில் இத்தொட்டி கனமான வார்ப்பிரும்பாலானது. அது சூடேற நேரமெடுத்துக்கொண்டாலும், பெற்ற சூட்டை நெடுநேரம் தாங்கும். எண்ணெய் அளவுகோல் செருகும் துவாரத்தில் இறக்கும் மெல்லிய சூடேற்றி மலிவானது. ஆனால் அதன் ஆற்றல் சிறிது. தன்னைச் சுற்றியுள்ள சிறிதளவு எண்ணெயை மட்டும் கருகச் செய்யும் குறையும் அதற்கு உண்டு.

இவற்றோடு காற்று நுழைவழியைச் சூடாக்கும் அமைப்புகளைக் குழப்பிக்கொள்ளலாகாது. சில எஞ்சின்களில் 'தெர்மோஸ்டார்ட்' என்ற கருவி சிறிது டீசலை எரித்து உள்ளே செல்லும் காற்றைச் சூடாக்குகிறது. வேறு சிலவற்றில் ஹீட்டர் பிளக்குகள் எரியறையைச் சூடாக்குகின்றன. வண்டியுடன் வந்த இந்த அமைப்பு பல ஆண்டுகளாகப் பழுதாகிக் கிடப்பது பழைய டிராக்டர்களில் சாதாரணம். புதிய சூடேற்றி வாங்குமுன் இதனைச் சீர்செய்தால் சில இடங்களில் அதுவே போதுமானதாகலாம்.

எஞ்சினின் அமைப்பு

நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினுக்கு முதல் மூன்று வகைகளில் பொருந்துவது எதுவோ அதனைத் தேர்ந்தெடுக்கலாம். மிகக் கடுமையான குளிரில் எண்ணெய்ச் சூடேற்றியையும் சேர்த்துக்கொள்ளலாம். காற்றால் குளிர்விக்கப்படும் பழைய ஐஷர் போன்ற எஞ்சின்களில் நீரே கிடையாது. ஆகவே முதல் மூன்று வகைகளுக்கும் அங்கே இடமில்லை. எண்ணெய்ச் சூடேற்றி ஒன்றே வழி. அத்துடன் எஞ்சினைத் தடித்த போர்வையால் மூடிவைத்தால், அடியிலிருந்து எழும் வெப்பம் சிலிண்டரையும் ஓரளவு தொடும். வண்டியை இயக்குமுன் அப்போர்வையை அகற்றுவது மிக அவசியம். குளிர்விக்கும் காற்று தடைப்பட்டால் எஞ்சின் விரைவில் கெடும்.

எவ்வளவு வாட் வேண்டும்?

இக்கேள்விக்குப் பள்ளி மாணவரும் செய்யக்கூடிய ஒரு கணக்கு விடை தரும். 200 கிலோகிராம் இரும்பும், 10 கிலோகிராம் உறைவுத் தடுப்பிக் கரைசலும், 6 கிலோகிராம் எண்ணெயும் கொண்ட எஞ்சினைப் பூஜ்யத்துக்குக் கீழ் 15 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு, அதாவது 40 டிகிரி, உயர்த்த வேண்டும் என்று கொள்வோம். ஒரு கிலோகிராம் பொருளை ஒரு டிகிரி உயர்த்த இரும்புக்கு 0.46, கரைசலுக்குச் சுமார் 3.4, எண்ணெய்க்குச் சுமார் 2 கிலோஜூல் தேவை. அதன்படி இரும்புக்கு 3,680, கரைசலுக்கு 1,360, எண்ணெய்க்கு 480. ஆக மொத்தம் 5,520 கிலோஜூல். மின்சாரத்தின் ஒரு யூனிட் 3,600 கிலோஜூல் ஆதலால், தேவை ஏறத்தாழ ஒன்றரை யூனிட்.

இழப்பே இல்லாவிட்டால் 1,000 வாட் சூடேற்றிக்கு ஒன்றரை மணி நேரமும், 500 வாட் சூடேற்றிக்கு மூன்று மணி நேரமும் போதும். காற்று வீசும் திறந்த முற்றத்தில் இழப்பு அதிகம். சிறிய சூடேற்றி இரவு முழுவதும் எரிந்தும் எஞ்சினைப் போதிய அளவு சூடாக்காமற் போகலாம். அதே சூடேற்றி, கொட்டகையில், போர்வை மூடிய எஞ்சினில் நல்ல பலன் தரும். பெரிய சூடேற்றி வாங்குவதைவிடக் காற்று மறைவும் போர்வையும் அமைப்பது மலிவானது. எஞ்சின் வேலை செய்யும் வெப்பத்தை எட்ட வேண்டியதில்லை. எளிதாக இயங்கும் அளவுக்குச் சூடானாலே போதும். ஆகவே இரவு முழுவதும் மின்சாரத்தைச் செலவிடாமல், புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பாக இணைப்பதே சிக்கனம். நேரம் குறித்துத் தானே இணைக்கும் கடிகார ஸ்விட்சு இதற்கு உதவும்.

சூடேற்றியை டிராக்டரின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்தே இயக்கலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். 500 வாட் சூடேற்றி 12 வோல்ட்டில் சுமார் 42 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். இரண்டு மணி நேரத்தில் பாட்டரி வறண்டுவிடும். சூடான எஞ்சினைச் சுழற்ற அதில் வலிமை எஞ்சாது.

மின்சாரம் கிடைக்காத காலையில்

ஸ்ரீநகரிலிருந்து திராஸ், கார்கில் வழியாக லே வரை செல்லும் உயர்மின்னழுத்தப் பாதை 2019 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பெற்றதிலிருந்து லடாக்கும் தேசிய மின் தொகுப்புடன் இணைந்துள்ளது. எனினும் மலைக் கிராமங்களில் குளிர்காலத்தில் மின்சாரம் தடைப்படுவது புதிதன்று. அதிகாலையில் மின்சாரம் நிச்சயமில்லாத ஊரில், மாலையில் வேலை முடிந்தவுடன், எஞ்சின் சூடாயிருக்கும்போதே போர்வையால் மூடி, மின்சாரம் உள்ள நேரத்தில் சூடேற்றியை இணைத்து வைக்கலாம்.

மின்சாரமே இல்லாத இடத்தில் பழைய முறைகள் இன்றும் பயன்படும். பாட்டரியை மாலையில் கழற்றி வீட்டினுள், அடுப்பிலிருந்து விலகிய இடத்தில் வைப்பது எல்லாவற்றிலும் எளிதும் மலிவும் ஆகும். சூடான மசகெண்ணெயை மாலையில் தூய கலத்தில் வடித்து வீட்டினுள் வைத்திருந்து காலையில் ஊற்றலாம். அவ்வாறு வடித்த எஞ்சினில் 'எண்ணெய் இல்லை' என்று எழுதிய அட்டையைக் கட்டாயம் தொங்கவிட வேண்டும். வெறும் நீரையே பயன்படுத்துவோர் மாலையில் அதனை முற்றிலும் வடித்துவிட்டுக் காலையில் வெந்நீர் ஊற்றுவர். உறைந்த வார்ப்பிரும்பில் கொதிநீரைத் திடீரென ஊற்றினால் விரிசல் ஏற்படும். முதலில் வெதுவெதுப்பான நீரும், பின்னர் மேலும் சூடான நீரும் சிறிது சிறிதாக ஊற்றப்பட வேண்டும்.

விலக்க வேண்டியவை

எஞ்சினுக்கும் டீசல் தொட்டிக்கும் அடியில் நெருப்பு மூட்டும் பழக்கம் மலைச்சாலைகளில் உண்டு. கசிந்த எண்ணெயும் ரப்பர்க் குழாயும் மின்கம்பியும் உள்ள இடத்தில் இது வண்டியையும், அருகிலுள்ள வைக்கோலையும், சில சமயம் வீட்டையும் எரித்துவிடக்கூடும். ஈதர் தெளித்து எஞ்சினை இயக்குவது மற்றோர் அபாயம். தெர்மோஸ்டார்ட்டோ ஹீட்டர் பிளக்கோ வேலை செய்யும் எஞ்சினில் ஈதர் உள்ளே சென்றால் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டனையும் வளையங்களையும் உடைக்கும். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதும் விரும்பத்தக்கதன்று; அது எரிபொருள் பம்ப்புக்குத் தேவையான வழவழப்பைக் குறைக்கிறது. குளிர்கால டீசல் கிடைக்கும் இடத்தில் அதனையே வாங்க வேண்டும்.

மின் சூடேற்றியைப் பயன்படுத்துவோர் சில விதிகளைத் தவறாது பின்பற்ற வேண்டும். நீர் நிரப்பி, எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிய பின்னரே சூடேற்றியை முதன்முறையாக இணைக்க வேண்டும். நீரின்றி இணைத்தால் சுருள் உடனே கருகிவிடும். மூன்று முனைப் பிளக்கும் நல்ல நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சும் அவசியம். 1,000 வாட் சூடேற்றி 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுப்பதால், வெளி உபயோகத்துக்குரிய 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் பயன்படுத்த வேண்டும். சூடான எஞ்சினை நாடி எலிகள் வரும். அவை கடித்த கம்பியை ஒட்டுப்போடாமல் மாற்றிவிட வேண்டும். இயக்குமுன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது உயிருக்கு ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை.

சூடேற்றிய பின்னரும் கிளச்சை மிதித்தே ஸ்டார்ட்டரை இயக்க வேண்டும். எஞ்சின் இயங்கியதும் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் அழுத்தம் நிலைபெற்ற பின்னரே பளு ஏற்ற வேண்டும். கியர்ப்பெட்டியிலும் ஹைட்ராலிக்கிலும் உள்ள எண்ணெய் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது.

முடிவாக

ஆலோசனை கேட்டு வரும் விவசாயிக்கு வட்டார ஊழியர் கூறத்தக்க வரிசை இதுவே: பாட்டரி, மசகெண்ணெய், உறைவுத் தடுப்பி, டீசல், தெர்மாஸ்டாட் ஆகிய ஐந்தையும் முதலில் சீர்செய்க, வண்டியுடன் வந்த தெர்மோஸ்டார்ட்டையோ ஹீட்டர் பிளக்கையோ பழுதுபார்க்க, போர்வையும் காற்று மறைவும் அமைக்க, அதன் பின்னும் தொல்லை நீடித்தால், நீர்க் குளிர்ச்சி எஞ்சினுக்குக் கோர் பிளக் பொருந்துமாயின் பிளாக் சூடேற்றியும், பொருந்தாவிடின் வெளித்தொட்டிச் சூடேற்றியும், காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கு எண்ணெய்ச் சூடேற்றியும் வாங்குக.

ஆசிரியர்களுக்கும் இதில் பயனுண்டு. அழுத்தப்பட்ட வாயு சூடேறுதல், நீர் உறைகையில் பெருகுதல், சூடான திரவம் மேலெழுதல், தன்வெப்பம், மின்னாற்றல் ஆகிய பாடங்கள் யாவும் ஒரே டிராக்டரில் அமைந்துள்ளன. தம் வீட்டு டிராக்டரின் எஞ்சினுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் வேண்டும் என்று ஒரு மாணவன் கணக்கிட்டுத் தந்தையிடம் கூறுவானாயின், தேவையற்ற ஒரு செலவை அக்குடும்பம் தவிர்த்துக்கொள்ளக்கூடும்.